தலைமாடு எந்தப் பக்கம்?

லிஃப்ட்காரரின் அம்மா இறந்துபோனதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. டாக்டர் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக இருக்கும் அக்கா அதற்கு முன்பே அம்மாவின் கண்களை மூடிவிட்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். அந்த வாரத்தில் எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட கடைசி விஷயம் அதுதான்.

அம்மாவின் ஆசை சின்னது. அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அதுவும் அப்பாவை எப்படிப் போட்டிருக்கிறதோ அப்படியே. இந்த 'அப்படியே'தான் சிக்கல்.

அவர்கள் சபையில் இறந்தவர்களின் தலை மேற்கேயும் கால் கிழக்கேயும் இருக்கும்படி கிடத்துவார்கள். கடைசி நாளில் கர்த்தர் கிழக்கிலிருந்து வருவார். எழுந்து உட்காரும்போதே அவருடைய முகம் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயர்களுக்கு மட்டும் இது தலைகீழ். அவர்கள் எழும்போது தங்கள் மந்தையைப் பார்த்தபடி எழ வேண்டுமாம். கர்த்தரே வந்து நிற்கும்போது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மந்தையிடம் என்ன சொல்லப்போகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஏதாவது அறிவிப்புகள் இருக்கலாம்.

அப்பா ஆயர் இல்லை, பஸ் கண்டக்டர். அவருடைய அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து முன்கேட்டின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காவல்காரர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் சுற்றிக்கொண்டு பின்கேட் வழியாக நுழைந்தார்கள். மழை வேறு. வழக்கம்போல நேரே நடந்து, வழக்கம்போல இறக்கிவிட்டார்கள். மழை விட்டதும், குழிவெட்டி மண்மேட்டைத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தவர் திடீரென்று கையை நிறுத்தி, சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார். கண்டக்டர் ஆயர் மாதிரி படுத்திருந்தார்.

அப்போது அம்மா மட்டும்தான் அழுதுகொண்டே சிரித்தாள். "வண்டியிலயும் இப்படித்தான நின்னாரு. டிரைவர் ரோட்டப் பாப்பாரு, இவரு ஜனங்களப் பாப்பாரு. விடுங்க" என்றாள். பிறகு தன் முறை நெருங்கியபோது மட்டும் மகனையும் மகளையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள்: "என்னையும் அப்படியே போட்டுடுங்க. எழுந்திருக்கறப்ப அவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பாத்துட்டு உக்காந்திருந்தா, அவ்வளவு கூட்டத்துல எங்க போய்த் தேடறது? அவருக்குத் தூரப் பார்வையும் கிடையாது."

லிஃப்ட்காரர் இதைத்தான் சபை ஆயரிடம் போய்ச் சொன்னார். ஆயர் நல்லவர், எதையும் மறுக்கமாட்டார், எதற்கும் சம்மதிக்கவும்மாட்டார். கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"உங்கப்பா விஷயம் ஒரு தவறு, தம்பி. ஒரு தடவ நடந்தா அது தவறு. ரெண்டாவது தடவையும் நடந்தா அது மரபு ஆயிடும். மரபு உண்டாக்கற அதிகாரம் எனக்கு இல்ல. பேரவைக்குத்தான் உண்டு."

"வீட்டுல பொட்டிக்குள்ள இருக்காங்க, ஐயா. ஐஸ் பொட்டி."

"நல்லவேளை, பேரவை இப்ப கூடியிருக்கு. இதுவும் தேவசித்தந்தான்" என்றார் ஆயர். அவர் கையெழுத்துப் போடாமல் குழிவெட்டி மண்வெட்டியைத் தொடமாட்டார்.

பேசாமல் மற்றவர்களைப்போலவே தலையை மேற்கே வைத்து முடித்துவிட்டால் என்ன என்று லிஃப்ட்காரருக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டுக்கு வந்து அதைப் பாதிதான் சொன்னார்.

"வைடா" என்றாள் அக்கா. "நான் தோண்டித் திருப்பி வெச்சுட்டு வர்றேன். படுத்தவங்களத் திருப்பிப் போடறதுதான எனக்கு வேலையே."

அவள் செய்யக்கூடியவள்.

பேரவை ஒரு கல்லூரிக் கலையரங்கத்தில் நடந்துகொண்டிருந்தது. பல பிரதேசங்களிலிருந்து ஆயர்கள் வந்து வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். எந்த நிற அங்கி எந்த வரிசையில் உட்காருவது என்று முதலில் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்தை எதிர்த்தவர்கள் எந்த வரிசையில் உட்காருவது என்பதைப் பிறகு தீர்மானித்தார்கள். அதற்குமேல் தீர்மானிக்க எதுவும் அகப்படாமல், முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைகளை வாசிப்பதும் திருத்துவதுமாகக் காலம் போய்க்கொண்டிருந்தது. இந்த நிலையில்தான் சபை ஆயரின் விண்ணப்பம் மேடைக்குப் போனது. லிஃப்ட்காரர் பார்வையாளர் பகுதியில், கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தலைமைப் பேராயர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அருமைச் சகோதரர்களே! ஆதிகாலத்தில் நிசேயாவிலே பேரவையாகக் கூடிய பிதாக்கள் குமாரனைப் பற்றித் தீர்மானித்துவிட்டார்கள். எபேசுவிலே கூடியவர்கள் அவருடைய தாயைப் பற்றித் தீர்மானித்துவிட்டார்கள். கல்கெதோனிலே அவருடைய இயல்புகளைப் பற்றியும் முடிவு கட்டிவிட்டார்கள். எல்லாவற்றையும் அவர்களே தீர்மானித்துவிட்டுப் போய்விட்டால் நமக்கு என்ன மிச்சம்? இந்த ஆதங்கத்தோடு நான் நாள்தோறும் முழங்காலில் நின்றேன். இதோ, கர்த்தர் நமக்கென்று ஒரு சடலத்தை அனுப்பியிருக்கிறார்!"

அரங்கம் கைதட்டியது. லிஃப்ட்காரர் எழுந்து கும்பிடுவதா, உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்து பாதியில் நின்றார்.

விவாதம் தொடங்கியது. முதலில் எழுந்தவர் நீண்ட தாடி வைத்த ஆயர்.

"இறந்தவர் எந்தத் திசையை நோக்கிக் கிடத்தப்பட்டாரோ அந்தத் திசையை நோக்கியே எழுவார். திரும்பமாட்டார். திரும்பலாம் என்று இன்று அனுமதித்தால், நாளை ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். உயிர்த்தெழுதல் சந்தைக்கடை ஆகிவிடும். எனவே அந்த அம்மாள் கணவனைப்போலக் கிடத்தப்பட்டால் கர்த்தரைக் காணவேமாட்டாள். இதை மனவருத்தத்தோடு சொல்கிறேன்." சொல்லும்போது அவர் முகத்தில் மனவருத்தம் எதுவும் இல்லை, நல்ல பசியோடு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார்.

தடித்த கண்ணாடி போட்ட ஆயர் ஒருவர் குறுக்கிட்டார். "திரும்புவார்! மகிமையின் சரீரத்துக்குக் கழுத்து உண்டு. கழுத்து உண்டென்றால் அது திரும்பும்."

"கழுத்து உண்டு என்பதற்கு ஆதாரம்?"

"தலை உண்டென்று ஒப்புக்கொள்கிறீர்கள். உடல் உண்டென்று ஒப்புக்கொள்கிறீர்கள். நடுவில் என்ன வைத்திருக்கிறீர்கள்?"

தாடி ஆயர் யோசித்தார். "நடுவில் இருப்பதைப் பற்றிப் பிதாக்கள் மௌனம் சாதித்திருக்கிறார்கள். அந்த மௌனத்தை மீறும் துணிவு எனக்கில்லை."

கழுத்தை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. அது கூடிப் பேசிவிட்டு வரும்வரை மதிய உணவு இடைவேளை. இடைவேளை முடிவதற்குள் பேரவை இரண்டாகப் பிரிந்து இரண்டு வரிசையில் நின்று சாப்பிட்டது. ஒரு வரிசைக்குத் 'திரும்பார்' என்றும் மற்றொன்றுக்குத் 'திரும்புவார்' என்றும் பெயர் வந்துவிட்டது. பரிமாறியவர்கள்கூட 'ஐயா எந்தப் பக்கம்?' என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியை எடுத்தார்கள்.

அப்போதுதான் கைபேசி அடித்தது. லிஃப்ட்காரர் தாழ்வாரத்துக்கு ஓடினார்.

"தம்பி, பொட்டியோட சத்தம் மாறுதுடா" என்றாள் அக்கா.

"எப்படி மாறுது?"

"நின்னு நின்னு இழுக்குது. வார்டுல சில பேருக்கு மூச்சு இழுக்குமே, அந்த மாதிரி."

"போனை பொட்டிமேல வை."

சுவரில் வரிசையாக மாட்டியிருந்த பழைய பேராயர்களின் படங்களுக்குக் கீழே நின்று, ஒரு காதைக் கையால் அடைத்துக்கொண்டு, அவர் மறு காதால் கேட்டார். மோட்டார் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் தொழில் அவருடையது. இப்போது அந்தத் தொழில் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மோட்டார் கிளம்பியது, திணறியது, விம்மியது, மறுபடி கிளம்பியது.

"ஐஸ் பொட்டிக்காரருக்கு போன் பண்ணினியா?"

"பண்ணினேன். வேற பொட்டி எதுவும் கைவசம் இல்லையாம். இதையே இன்னைக்குத் திருப்பிக் கொடுத்துடுவீங்களான்னு கேக்கறாரு. வேற வீட்டுல காத்திருக்காங்களாம். அங்க என்னடா ஆச்சு? எந்தப் பக்கம்னு சொல்லிட்டாங்களா?"

"கழுத்து வரைக்கும் வந்திருக்காங்க, அக்கா."

"அவங்களுக்கா, நமக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

வாசலில் நின்ற பேரவை ஊழியரிடம் லிஃப்ட்காரர் போய், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கெஞ்சும் குரலில் கேட்டார். ஊழியர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அவசரப்பட்டுத்தாங்க சகோதரரே உலகத்துல பாதி வேதப்புரட்டு உண்டாச்சு" என்றார்.

"மீதிப் பாதி?"

"அது நிதானமா யோசிச்சு உண்டானது."

பிற்பகலில் துணைக்குழு அறிக்கை தந்தது. கழுத்து உண்டு, ஆனால் அது பயன்படுத்தப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டு கட்சியும் இது தங்களுக்கு வெற்றி என்று கைதட்டின. கைதட்டல் ஓய்ந்தபோது தலைமைப் பேராயர், இறந்தவரின் மகனைச் சாட்சியாக அழைக்கலாம் என்றார்.

லிஃப்ட்காரர் மேடைக்கு அருகில் போய் நின்றார். எத்தனையோ மாடிகளுக்கு நடுவில் கயிற்றைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். இப்போது மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"உம்முடைய தாயார் திரும்பக்கூடியவரா?" என்று கேட்டார் தாடி ஆயர்.

"அது... எனக்குத் தெரியாதுங்க, ஐயா. நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். லிஃப்டுக்குள்ள ஏறறவங்களப் பாத்திருக்கேன். யாரா இருந்தாலும் சரி, உள்ள நுழைஞ்சதும் தானாவே திரும்பி வாசலப் பாத்துத்தான் நிக்கறாங்க. யாரும் சொல்லிக் கொடுக்கறதில்ல. அந்த மாதிரி அம்மாவும் எப்படியாவது பாத்துப்பாங்க. தயவு பண்ணி ஒரு கையெழுத்து..."

அரங்கத்தில் ஓர் அமைதி விழுந்தது. அது நல்ல அமைதி என்று அவர் ஒரு கணம் நம்பிவிட்டார்.

"உயிர்த்தெழுதல் ஒரு பெட்டிக்குள் நடக்கிறது என்கிறார் சாட்சி!" என்று முழங்கினார் தாடி ஆயர்.

"அதற்கு வாசல் உண்டென்றும் சொல்கிறார்!" என்று எழுந்தார் கண்ணாடி ஆயர். "எத்தனை வாசல், மகனே? தயங்காமல் சொல்."

லிஃப்ட்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். "சாதாரணமா ஒண்ணுதாங்க. சில லிஃப்டுல எதிரும் புதிருமா ரெண்டு வாசல் இருக்கும்."

அவ்வளவுதான். 'இருவாசல் கொள்கை' என்ற வேதப்புரட்டு உடனடியாகக் கண்டிக்கப்பட்டது. கண்டித்து முடித்த பிறகுதான் அதை நம்புகிறவர்களும் அரங்கத்தில் இருப்பது தெரியவந்தது. அதுவரை அவர்களுக்கும் அது தெரியாது. கடைசி வரிசையில் இருந்த ஒரு முதிய ஆயர் எழுந்து, தான் சிறுவயது முதலே இரு வாசல்களை உள்ளத்தில் சுமந்து வந்ததாகவும், இன்றைக்குத்தான் அதற்குப் பெயர் கிடைத்தது என்றும் விம்மினார். அவரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது.

பிரிவினை என்றால் சமாதானக் குழு சும்மா இருக்காது. அதன் செயலாளர், எப்போதும் இரண்டு கைகளையும் தராசுத் தட்டுகள்போல ஏந்திக்கொண்டு பேசுகிறவர், மேடையேறினார்.

"தலை மேற்கே என்கிறார்கள் ஒரு சாரார். கிழக்கே வைத்தாலும் பாதகமில்லை என்கிறார்கள் மற்றொரு சாரார். வாசல் இரண்டு என்கிறார்கள் மூன்றாமவர். அன்பு எல்லோரையும் அணைக்கும். ஆகவே அந்த அம்மாளைப் பக்கவாட்டில், வடக்கு தெற்காகக் கிடத்துமாறு முன்மொழிகிறேன். எந்த வாசலுக்கும் பாரபட்சம் இருக்காது. எவருக்கும் முழுத் திருப்தி இராது என்பதே இதன் சிறப்பு."

லிஃப்ட்காரர் தாழ்வாரத்திலிருந்து அக்காவுக்கு இதைச் சொன்னார்.

"குறுக்கே போட்டா அப்பா மேலதான்டா காலு வரும்" என்றாள் அக்கா. "நீ கிளம்பி வா. மோட்டார் நின்னுடுச்சு."

அவர் வாசலை நோக்கித் திரும்பியபோது பேரவையும் கலைந்துகொண்டிருந்தது. திரும்பார் முன்வாசல் வழியே திரும்பிப் பார்க்காமல் போனார்கள். திரும்புவார் பின்வாசலில் நின்று கொள்கைக்காக ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இருவாசல்காரர்களையும் சேர்த்துக்கொண்ட பக்கவாட்டார் சமையலறை வழியாக வெளியேறினார்கள். அங்கே சாப்பாடு மிச்சமிருந்ததால் கடைசி நேரத்தில் அந்தக் கட்சிக்கு ஆள் கூடியது. காலி நாற்காலிகளைப் பார்த்துத் தலைமைப் பேராயர், பேரவை ஐக்கியத்தோடு நிறைவுற்றதாக அறிவித்தார்.

லிஃப்ட்காரர் வீட்டுத் தெருவுக்குள் ஓடிவந்தபோது, வாசலில் மூன்று கார்கள் நின்றன.

காலையில் கையெழுத்துப் போட ஒருவர்கூட இல்லை. இப்போது மூவரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். பிரிந்துபோன மூன்று சபைகளுக்கும் தங்கள் கொள்கைப்படி நடக்கும் முதல் அடக்கம் உடனே தேவைப்பட்டது. அடக்கம் இல்லாமல் சபை ஏது? தாடி ஆயர், கண்ணாடி ஆயர், தராசுக்கைச் செயலாளர் மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மூவரோடும் வந்தவர்கள் தெருவை அடைத்து நின்றார்கள். சபை ஆயர் மூன்று பக்கமும் தலையாட்டிக் கழுத்து வலியோடு மூலையில் நின்றார். நடுவில் ஐஸ் பெட்டி சத்தமில்லாமல் கிடந்தது. கண்ணாடிக்கு உள்பக்கம் நீர் முத்துமுத்தாக இறங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, சமையலறைக்கு வா" என்றாள் அக்கா.

கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுவென்று பேசினாள். "இப்ப எடுக்கலைன்னா முடியாது. நான் இதுல எத்தனையோ பாத்தவ, சொல்றேன் கேளு. யாரு சொல்றபடி வெச்சாலும் மத்த ரெண்டு கூட்டமும் குழியில எறங்கி நிக்கும். சவப்பெட்டியப் பாத்தா தோள் பக்கம் அகலம், கால் பக்கம் ஒடுக்கம். குருடனுக்குக்கூட தலை எதுன்னு தெரிஞ்சுடும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கற பொட்டி வேணும்."

"இப்ப போய் எந்தத் தச்சர்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். வீட்டுப் பின்புறம் சுவரில் சாய்ந்திருந்தது ஒரு மரப்பெட்டி. புது லிஃப்டுக்கான கதவுப் பலகைகள் அதில்தான் வந்து இறங்கும்: நீளமாக, பலமாக, நாலு மூலையும் நேராக, இரு முனையிலும் தூக்குவதற்குக் கயிற்றுப் பிடி. அலமாரி அடிக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தார்.

துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, உள்ளே கொண்டுபோனார்கள். அறைக்கதவு சாத்தப்பட்டது. அக்காவும் தம்பியும் மட்டும். அம்மாவைத் தூக்கி வைத்தபோது அக்காவின் உதடு ஒருமுறை துடித்தது, உடனே அடங்கிவிட்டது. அவர் ஸ்க்ரூ மெஷினால் மூடியை முடுக்கினார். தலைமாட்டுப் பக்கத்துக் கயிற்றுப் பிடியில் அக்கா ஒரு கறுப்பு நூலைக் கட்டினாள்.

"நூல் அப்பாவோட தலைப்பக்கம் வரணும். கிழக்கால. நீ நூலை மட்டும் பாரு. வேற எதையும் பாக்காத."

வெளியே வந்ததும் தாடி ஆயர் அவளை வாசற்படியில் மடக்கினார். "மகளே, தலை எந்தப் பக்கம்?"

"ஐயா எப்படி நம்பறீங்க?"

"மேற்கே."

"நம்பின மாதிரியே வெச்சிருக்கோம்."

கண்ணாடி ஆயர் கார் அருகில் கேட்டார். அவருக்கும் நம்பினபடியே கிடைத்தது. செயலாளர் தயங்கித் தயங்கி வந்து, குழி வடக்கு தெற்காகத் தோண்டப்படவில்லையே என்று கவலைப்பட்டார். "உள்ள ஒருக்களிச்சுப் படுத்திருக்காங்க" என்றாள் அக்கா. செயலாளரின் இரண்டு கைகளும் முதல் தடவையாகச் சமமாகக் கீழே இறங்கின. மூவரும் தாங்களே வென்றோம் என்ற கருணையோடு மற்ற இருவரையும் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

பெட்டியின் பக்கவாட்டில் 'இந்தப் பக்கம் மேல்' என்று ஓர் அம்புக்குறி அச்சாகியிருந்தது. அதை அழிக்க நேரமில்லை. அன்றைக்கு மூன்று சபைகளும் மறுப்பின்றி ஏற்றுக்கொண்ட ஒரே போதனை அதுதான்.

மூன்று கூட்டமும் மூன்று பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தன. லிஃப்ட்காரர் நூலை மட்டும் பார்த்தபடி வந்தார். கல்லறைத் தோட்டத்து முன்கேட்டில்தான் விபரீதம். வென்றவர்களுக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருக்கும் அல்லவா? திரும்பார் பக்கத்து ஆட்கள் பெட்டியைத் தங்கள் பக்கம் கொஞ்சம் இழுத்தார்கள். திரும்புவார் சும்மா இருப்பார்களா, அவர்கள் எதிர்ப்பக்கம் தள்ளினார்கள். பக்கவாட்டார் நடுவில் புகுந்து குறுக்கே பிடித்தார்கள். பெட்டி கேட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்றும் சுற்றியது. யாரோ லிஃப்ட்காரரின் காலை மிதித்தார்கள். மூன்று சபைத் தலைவர்களும் ஒரே நேரத்தில் மாலைகளைப் பெட்டிமேல் குவித்தார்கள்.

"நூல்!" என்று அக்கா கூட்டத்துக்கு வெளியிலிருந்து கத்தினாள்.

குழியருகே பெட்டியை இறக்கும்போது அவர் குனிந்து பார்த்தார். மாலைகளுக்கு அடியில், கிழக்குப் பக்கப் பிடியில், கறுப்பாக ஏதோ தொங்கியது. மூச்சு வந்தது. பெட்டி இறங்கியது. குழிவெட்டி யாருடைய முகத்தையும் பார்க்காமல், சூரியனையும் பார்க்காமல், மண்ணைத் தள்ள ஆரம்பித்தார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் வெற்றி பெற்றவர்கள் அதை வெளியில் சொல்லாமல் இருக்க முடியுமா? மூன்று சபைகளும் மூன்று அறிக்கை வெளியிட்டன. ஒரே அம்மாள் ஒரே குழியில் மூன்று விதமாகப் படுத்திருந்தாள். தலைமைப் பேராயர் பேரவையை அவசரமாகக் கூட்டினார். இம்முறை எல்லோருமே வந்தார்கள். தங்கள் அறிக்கை பொய்யென்று தெரிந்துவிடுமோ என்ற பயத்தைவிட ஐக்கியத்தை வளர்ப்பது வேறு இல்லை.

"சகோதரர்களே, நாம் தோற்கவில்லை. மறைபொருள் ஒன்றைப் பெற்றிருக்கிறோம்!" என்றார் அவர். "அந்த அம்மாளின் தலை மேற்கேயும் இருக்கிறது, கிழக்கேயும் இருக்கிறது, ஒருக்களித்தும் இருக்கிறது, கலப்பின்றி, மாற்றமின்றி, பிரிவின்றி. இனி எல்லா விசுவாசிகளும் இரு முனையும் ஒத்த பெட்டியிலேயே அடக்கம் செய்யப்படுவார்கள். தலை எந்தப் பக்கம் என்று எவரும் அறியலாகாது. அறிவேன் என்று சொல்கிறவன் சபைக்குப் புறம்பானவன்."

ஒருமனதாக நிறைவேறியது. உலகத்தில் அந்தத் தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டே பேர்.

சபை ஆயர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "ஒண்ணும் இல்ல, தம்பி. 'தெரியாது'ன்னு ஒரு வார்த்தை. நாலு பேர் முன்னால. சொன்னா எல்லாம் முடிஞ்சுது. சொல்லலைன்னா நாளைக்கு உங்களுக்கே அந்தத் தோட்டத்துல எடம் கிடையாது. அப்பா அம்மா பக்கத்துல வரமுடியாது. யோசிங்க."

"தெரியும்" என்றாள் அக்கா.

ஆயர் தம்பியைப் பார்த்தார். லிஃப்ட்காரர் இதுவரை பெரியவர்கள் முன்னால் எதையும் அழுத்திச் சொன்னதில்லை. அந்தக் கறுப்பு நூல் கண் முன்னால் வந்து நின்றது.

"தெரியும், ஐயா" என்றார்.

பேரவையின் இதழில் புதிய பிரிவுகளின் பட்டியலோடு அதுவும் வந்தது: அறிந்தோர் சபை, உறுப்பினர் இருவர், சகோதர சகோதரியர், நிறுவனர் ஒரு மின்தூக்கி பழுதுபார்ப்பவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சமையலறையில் அறிந்தோர் சபை கூடியது. தேநீர் வைத்துக்கொண்டார்கள். போக வேறு இடமில்லை.

"நல்லபடியா முடிஞ்சுது" என்றார் லிஃப்ட்காரர். "எறக்கறப்ப பாத்துட்டேன். நூல் கிழக்கால இருந்துச்சு."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "கிழக்கால மாலைதானடா தொங்குச்சு?"

"மாலைக்குக் கீழ. கறுப்பா."

"மாலையக் கட்டினதே கறுப்பு நூலுதான். நான் கட்டின நூல மேற்கால பாத்தேன். கேட்டுல சுத்துனாங்களே, அப்பறம் நீ சரி பண்ணியிருப்பேன்னு நெனச்சேன்."

"மேற்காலயா? இல்லவே இல்ல. என் கண்ணால பாத்தேன்."

"என் கண்ணு என்ன, கடன் வாங்கினதா?"

குரல்கள் உயர்ந்தன. அவர் கிழக்கு என்றார், அவள் மேற்கு என்றாள். அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் அடுப்புப் பக்கம் போய் நின்றுகொண்டாள். தேநீர் ஆறியது. அறிந்தோர் சபை, தோன்றிய வாரத்திலேயே கிழக்கறிந்தோர், மேற்கறிந்தோர் என்று பிளந்தது. சபைக்கு ஓர் உறுப்பினர்.

பிறகு லிஃப்ட்காரரின் முகம் மெல்ல மாறியது. கோபம் வடிந்து, அதற்கு அடியில் இருந்த பயம் வெளியே வந்தது. "அக்கா, அப்ப அம்மா... தப்பா வெச்சுட்டமா? எழுந்து அந்தப் பக்கம் பாத்துட்டு உக்காந்திருப்பாங்களா? அப்பா இந்தப் பக்கம்..."

அக்கா அடுப்புப் பக்கமிருந்து திரும்பினாள்.

"கடைசி மாசம் அம்மாவுக்குத் தானா அசைய முடியல, இல்லையா? புண்ணு வந்துடக்கூடாதேன்னு நான்தான் பக்கம் மாத்தி மாத்திப் போடுவேன். சுவர் பக்கம் பாத்துப் போட்டுட்டுப் போவேன். துணி அலசிட்டு வந்து பாத்தா, திரும்பியிருப்பா. கட்டில்ல அப்பா படுக்கற பக்கம். அங்க யாரும் இல்ல, காலித் தலகாணிதான். எப்படித் திரும்பினாளோ தெரியாது. மறுபடி சுவர் பக்கம் போடுவேன். மறுபடி திரும்பிடுவா." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எந்தப் பக்கம் வெச்சா என்னடா. நீ டீயைக் குடி."

அவர் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் ஆறின தேநீரை மறுபடி சூடு பண்ணி ஊற்றினாள். பிரிந்த இரண்டு சபைகள் மறுபடி ஒன்றானது அந்தப் பேரவையின் வரலாற்றிலேயே அந்த ஒரு தடவைதான். பேரவைக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் கண்டித்திருப்பார்கள்.